உன் பேரனின் பாம்புப் பெட்டி

நுவரெலியா,
ஜனவரி 20

அன்புள்ள நண்பா,

கடிதமும் படமும் கிடைத்தன. டொரொண்டோவில் உன் பேரன் பால் பைதன் என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்க்கிறான் என்று வாசித்ததும், என் மனைவி படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இங்கே புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கிறது; அடுப்படியில் இருந்துதான் எழுதுகிறேன்.

படத்தில் ஒன்று என்னை உறுத்துகிறது. சூட்டுப் பாய் கண்ணாடிப் பெட்டியின் அடியில் இருக்கிறது. உள்ளே நான்கு அங்குலத்துக்குத் தேங்காய்த் தும்புத்தூள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரியோ தூளின் மேல் கிடக்கிறது. தூள் சூட்டை எளிதில் மேலே விடாது என்பதால், உணரிக்குக் குளிராகவே தோன்றி, தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருக்க, அடிக்கண்ணாடி பொறுக்க முடியாத அளவுக்குச் சூடேறும். பாம்பு தூளை விலக்கிக்கொண்டு அங்கே போய்ப் படுத்தால், சுடுகிறதென்று சட்டென நகராமல் கிடந்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ளும். தேயிலை காயவைக்கும் இயந்திரத்தோடு இத்தனை வருடம் கழித்த நானே, கோழிக்குஞ்சுப் பெட்டியில் பல்பைத் தாழத் தொங்கவிட்டு, கருகல் வாடை வந்த பிறகுதான் மரத்தூளில் ரூபாய்க் குற்றி அளவு கறுப்பு வட்டத்தைக் கண்டேன்.

ஆகவே உணரியை வெளியே, பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டச் சொல். பாய் ஒரு முனையில், தரையின் மூன்றில் ஒரு பங்கை மிஞ்சாமல் இருக்கட்டும். அதற்கு மேலே தூள் ஒரு விரற்கடை போதும். பிறகு வேறொரு வெப்பமானியால் உள்ளே கண்ணாடியையே அளந்து, அங்கே 31 அல்லது 32 பாகை செல்சியஸ் வரும்வரை தெர்மோஸ்டாட்டைத் திருத்த வேண்டும். மறுமுனை 25, 26 பாகையில் இருந்தால், பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். பாய் காற்றை அதிகம் சூடாக்காது. உங்கள் பனிக்காலத்துக்கு மேலே செராமிக் ஹீட்டர் மாட்டுவதானால், பாம்பு சுற்றிக்கொள்ளாதபடி கம்பிக்கூடும் தனித் தெர்மோஸ்டாட்டும் அவசியம்.

தும்புத்தூளை மாற்ற வேண்டாம். அந்தத் தூளை அழுத்திச் செய்த கட்டி நம் குருநாகல் பக்கத்திலிருந்தே அங்கு வந்திருந்தாலும் வியப்பில்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று பைன், சீடர் மரச்சீவலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அவற்றின் நெடி பாம்பின் மூச்சைக் கெடுக்கும். தூளின் ஈரத்தை நாம் தேயிலை நாற்றுமேடை மண்ணைப் பார்த்தது போலவே பார்க்கலாம்: பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது.

கண்ணாடியில் அளந்த எண்ணை உடனே எழுது. பாம்பின் படம் மட்டும் இனி வேண்டாமாம், வீட்டு உத்தரவு.

உன் பழைய வாங்குத் தோழன்