கடைசியில் நின்றவன் தலையில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது.

நம்ம ரேஷன் கடையில் மூட்டை இறக்குகிற பையனை உனக்குத் தெரியும்தானே? வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அரிசி இருப்பு குறைகிறதாம். லாரியிலிருந்து இறங்கும்போதே மூட்டையில் கொக்கி குத்தின ஓட்டை இருக்கும், வாசல்வரைக்கும் அரிசி சிந்திக் கிடக்கும். நான் நின்று பார்த்திருக்கிறேன். எடை போடாமலே கையெழுத்தை வாங்கிக்கொண்டு லாரி போய்விடும். அது வந்த வழியில் எத்தனை கை! எல்லாவற்றையும் கடைசியில் நின்றவன் தலையில் கட்டிவிட்டார்கள். ஊரும் 'பாவம், பலிகடா ஆயிட்டான்' என்று சொன்னதோடு சரி.

எனக்கு மனசு ஆறவில்லை. நம்ம மாடன் சாமி கொடை விழாவில்கூட, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கடா உடம்பைச் சிலிர்த்து உத்தரவு தந்த பிறகுதானே அரிவாள் ஓங்குவார்கள்? பைபிளில் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் வருவது இரண்டு வெள்ளாட்டுக்கடா. சீட்டுப்போட்டு ஒன்றைக் கர்த்தருக்குப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் ஆசாரியன் ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து, இஸ்ரவேலரின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அதுதான் போக்காடு. பலியானது வேறு, பழியைச் சுமந்து போனது வேறு. இந்தப் பையன் போக்காடு. ஆனால் அங்கே பாவம் தங்களுடையது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ஆட்டை அனுப்பினார்கள்; ஆட்டின் மேல் யாரும் குற்றம் சாட்டவில்லை. இங்கே ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, அவன்தான் திருடினான் என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

எழுத்தில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. பிரான்சில் டிரைஃபஸ் என்ற யூதப் படை அதிகாரியை 1894இல் துரோகி என்று தீர்ப்பெழுதி, கடல் கடந்து டெவில்ஸ் தீவில் அடைத்தார்கள். ரகசியத்தை விற்றது வேறொரு அதிகாரி என்று தெரிந்த பிறகும், குற்றமற்றவர் என்று எழுதி வாங்க 1906 ஆயிற்று. அவருக்காவது வாதாட ஊரறிந்த ஆட்கள் இருந்தார்கள். இவனுக்கு அம்மா மட்டும்தான்.

நீ விசாரணைக் கோப்புகளோடு காலம் கழித்தவன். மேல்முறையீட்டு மனு ஒன்று எழுதித் தர வேண்டும். எடை போடாமல் இறக்கின சரக்குக்கு யார் பொறுப்பு என்பதை முதலில் கேட்கலாமா? லாரி வந்த நாள்களின் ரசீது நகல் கேட்டால் கொடுப்பார்களா? ஞாயிறு மதியம் அவனைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் வருகிறேன். வீட்டில் இருப்பாயா, உடனே எழுது.

உன் பழைய கூட்டாளி