கட்சி எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கினால் நீலகிரியில் கால்பந்துப் போட்டிகளும் கூடிவிடுகின்றன. கோப்பைக்குத் தலைவர் பெயர், ஜெர்சிக்குக் கட்சி நிறம், கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆளுயர பேனர். இதையெல்லாம் பார்த்துச் சலித்தவர்கள் ‘விளையாட்டில் அரசியலே கூடாது’ என்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் அந்தத் தீர்வை ஏற்க முடியவில்லை. ஆடுகிறவரும் பார்க்கிறவரும் தங்கள் மனதில் பட்டதைச் சொல்வது வேறு, கட்சிக்காரர் போட்டியைக் கையில் எடுத்துக்கொள்வது வேறு. தடுக்க வேண்டியது இரண்டாவதை மட்டும்தான்.

மலையில் இருப்பவர்களுக்கு நன்றாகவே புரியக்கூடிய உதாரணம் ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் சர்வதேச ஆட்டங்கள் கூடாது என்று 2007 மே மாதம் உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா அறிவித்தது. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். பொலிவியாவின் லா பாஸ் நகரம் ஏறக்குறைய 3,600 மீட்டர். அந்த உயரத்தில் சமவெளியிலிருந்து வருகிற வீரர்களுக்கு மூச்சு வாங்கும். காற்றின் தடை குறைவதால் பந்து வளையாமல் வேகமாகப் போகும், கோல்கீப்பரின் கணக்குத் தப்பும். அதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்தவன் சொந்த ஊரில் ஆடக் கூடாதா? இந்தக் கேள்வியோடு கிளம்பியவர் அந்நாட்டின் அதிபர் ஈவோ மொராலெஸ். சஹாமா மலையில் சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் தானே பந்து ஆடிக் காட்டினார். வரம்பு முதலில் 3,000 மீட்டருக்கு ஏறியது, 2008 மே மாதம் தடையே நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே லா பாஸில் மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா பொலிவியாவிடம் 6-1 என்று தோற்றது. ஓர் அரசியல்வாதி வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த ஆட்டம் அந்த ஊரில் நடந்திருக்குமா?

பார்வையாளர்களின் குரலும் அப்படித்தான். 2024 ஆகஸ்ட் 18 அன்று கொல்கத்தாவில் நடக்க வேண்டிய டூரண்ட் கோப்பை டெர்பியை, அதாவது ஒரே ஊர் அணிகள் மோதும் ஆட்டத்தை, பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். நூறாண்டுப் பகையாளிகளான ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ரசிகர்கள் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டு, கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டார்கள். அதைக் கால்பந்துக்கு வந்த களங்கம் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

நடுநிலை பேசும் ஃபிஃபா 2022 பிப்ரவரியில் ரஷ்யாவை விலக்கியது. அதே ஆண்டு நவம்பரில், கத்தார் உலகக் கோப்பையில் பாகுபாட்டுக்கு எதிரான ‘ஒன்லவ்’ கைப்பட்டை அணிந்தால் மஞ்சள் அட்டை என்று கேப்டன்களை மிரட்டியது. முதல் முடிவு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் நடுநிலையின் அளவுகோல் நாளுக்கு நாள் நீண்டு சுருங்குகிறது என்பதும் தெரிகிறது.

நம் நாட்டு நிலவரம் இன்னும் வேதனை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைமை 1988 முதல் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, பிரபுல் படேல், கல்யாண் சௌபே என்று அரசியல்வாதிகளிடமே இருந்து வருகிறது. இவர்களில் சௌபே மட்டும் முன்னாள் கோல்கீப்பர். படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழுவை நியமித்தது. அந்தக் குழு முன்னாள் வீரர்கள் 36 பேருக்கு ஓட்டுரிமை தர முயன்றது. ‘மூன்றாம் தரப்புத் தலையீடு’ என்று ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. பதினோரு நாளில் தடை நீங்கியது. ஆனால் ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய்விட்ட கோகுலம் கேரளா பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். செப்டம்பர் 2 தேர்தலில் சௌபே 33-1 என்று பாய்ச்சுங் பூட்டியாவை வென்றார். பூட்டியாவும் டார்ஜிலிங்கில் மக்களவைத் தேர்தலில் நின்றவர், சிக்கிமில் கட்சி தொடங்கியவர். கட்சிக்காரர் நாற்காலியில் இருந்த காலமெல்லாம் வராத தடை, வீரர்களுக்கு ஓட்டு என்றதும் வந்தது. தண்டனையை அனுபவித்தது பெண்கள் அணி.

இனி நம் ஊர். கட்சியின் கை போட்டிக்குள் வந்தால் முதலில் பறிபோவது நேரம். மூன்று மணி ஆட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் நாலரைக்கு வருவார். பொன்னாடை, கைகுலுக்கல், மைக் முடிய ஐந்தாகும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் அந்நேரம் மேகம் இறங்கிவிட்டால் நடுக்கோட்டிலிருந்து கோல் கம்பம் தெரியாது, ஆறு மணிக்கு இருட்டும். உடனே இரண்டாம் பாதியை இருபது நிமிடமாக வெட்டி, டைபிரேக்கரில் கோப்பையைக் கொடுத்துவிடுவார்கள். நேரத்தைக் குறைப்பதானால் போட்டி விதியில் அதற்கு இடமிருக்க வேண்டும், ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவரும் இரு அணிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது கால்பந்து ஆட்ட விதி 7. நடுவில் வெட்டுவது செல்லாது. அழைப்பிதழில் கிக்-ஆஃப் நேரத்தை விருந்தினர் வருகையோடு சேர்க்காமல் தனியாக அச்சிடுங்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் விசில் அந்நேரத்துக்கு ஊதப்படட்டும். வீரர்களுக்குக் கை கொடுக்க இடைவேளையின் 15 நிமிடம் தாராளமாகப் போதும்.

அடுத்தது ஜெர்சி. ஒரே புரவலர் நான்கு அணிகளுக்கு வாங்கித் தந்தால் நான்கும் ஒரே நிறத்தில் வந்து நிற்கும், அரையிறுதியில் யார் எந்த அணி என்றே தெரியாது. இரு அணிகளின் நிறமும் நடுவர்களின் நிறமும் வேறுபட வேண்டும், இரு கோல்கீப்பர்களும் தனித்துத் தெரிய வேண்டும் என்பது விதி 4. அரசியல், மத வாசகமோ படமோ கூடாது என்பதும் அதே விதிதான். ஜெர்சி மேல் அணியும் கையில்லாச் சட்டையான பிப் பதினாறு கொண்ட ஒரு செட்டைப் போட்டிக் குழுவே வாங்கி வைத்துக்கொள்ளலாம். தலைவர் படத்தின் மேல் டேப் ஒட்டினால் தூறலில் கழன்றுவிடும், ஜெர்சியைத் திருப்பிப் போட்டு மார்க்கரில் எண் எழுதுங்கள். பேனர் எல்லைக்கோட்டிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஈரப் புல்லில் ஸ்லைடிங் போகிறவர் ஒரு மீட்டரில் நிற்க மாட்டார், பேனரின் இரும்புச் சட்டத்தில் முழங்கால் போகும். நம் மைதானங்களில் மூன்று மீட்டர் விடுவதே பத்திரம்.

பரிசுத் தொகை மேடையில் அறிவிக்கப்படுவதோடு நின்றுவிடுவதும் உண்டு. அட்டவணை போடுமுன் பணம் போட்டி நடத்தும் கிளப்பின் வங்கிக் கணக்குக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் அந்தப் பெயர் கோப்பையில் ஏறக் கூடாது. குலுக்கல் எல்லா கேப்டன்கள் முன்னிலையில் நடக்கட்டும். நடுவரை அனுப்புவது மாவட்டக் கால்பந்துச் சங்கமாக இருக்கட்டும், பணம் கொடுத்தவர் அல்ல.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆற்றாமை தருவது மைதானத்தின் கதி. பொதுக்கூட்டப் பந்தல் கால்களைப் பெனால்டி ஏரியாவிலேயே நடுகிறார்கள், ஈர மண்ணில் லாரியை ஏற்றுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் குழியில் மண்ணை அள்ளிப் போட்டு மிதித்துவிட்டுப் போவார்கள். முதல் மழையில் அது நாலு விரல் இறங்கும், கணுக்கால் பிசகுவது அங்கேதான். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்காக மண் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசால் இடித்து, தரைக்குச் சற்று மேலேயே நிறுத்த வேண்டும். டயர் தடத்தில் ஜல்லி கொட்டவே கூடாது, அது மேலே வந்து முட்டியைக் கிழிக்கும். இறுகிய மண்ணைக் கூரான இரும்புக் கம்பியால் குத்தித் தளர்த்தி, மணல் கலந்த மண் போட்டு, ஓரத்திலிருந்து தரையில் படரும் கிக்குயூ புல்லை வேரோடு பெயர்த்து நட்டால் பிடித்துக்கொள்ளும். உறைபனி விழும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிதிபட்ட புல் கோடை மழை வரை தேறாது. ஆகவே அந்த மூன்று மாதமும் புல் மைதானங்களில் எந்தக் கூட்டத்துக்கும் அனுமதி வேண்டாம்.

மைதானங்களை எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே நிபந்தனையில் தர வேண்டும் என்று தேர்தல் நடத்தை விதியே சொல்கிறது. அந்த நிபந்தனைகளில் சீரமைப்பு டெபாசிட்டையும் உள்ளாட்சி நிர்வாகம் சேர்க்க வேண்டும். பந்தல் பிரித்த மறுநாளே அதைத் திருப்பித் தரக் கூடாது. ஒரு நல்ல மழை பெய்த பிறகு, அங்கே ஆடும் கிளப்பின் ஆள் ஒருவரையும் வைத்துக்கொண்டு குழிகளைப் பார்த்துவிட்டுத் தரட்டும்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர்,
கோத்தகிரி