டயல் டோனும் காய்ப்புப் பிடித்த விரலும்

கொழிஞ்சாம்பாறை,
ஆடி மாதம், ஞாயிறு மத்தியானம்.

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுத உட்கார்ந்தால் காற்று விடவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே ஓட்டைப் பிரித்துவிட்டுத்தான் பொள்ளாச்சிக்கு வருகிறது, உனக்குத் தெரியாததா. முட்டி வலி எப்படி இருக்கிறது?

நீ போனில் ஏதோ மூளை விளையாட்டு ஆடினாயாம். உன் மூளைக்கு வயது 81 என்று அது சொன்னதாம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். உனக்கு 67தானே ஆகிறது! முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நானே மூன்று மாதமாக அந்த மாதிரிச் சமையல் நடக்கிற அடுப்படியில்தான் நிற்கிறேன்.

சின்னவள் பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். முதியவர்களுக்கான மூளைப் பயிற்சி ஆப் செய்கிறார்கள், தமிழிலும் மலையாளத்திலும். ‘அப்பா, உங்க ஊர்ல பெரியவங்ககிட்ட வெச்சுப் பாத்துச் சொல்லுங்க’ என்று ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், பெரியவர்கள் பகலில் வந்து இருக்கிற பஞ்சாயத்துப் பகல்வீட்டுக்குப் போகிறேன். கேரளத்தில் 2021 கணக்குப்படி நூற்றில் பதினாறு பதினேழு பேர் அறுபது தாண்டியவர்கள், நாட்டிலேயே அதிகம். அதனால் இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

முதல் நாள் உட்கார்ந்தவர் கள் இறக்கிய அப்புச்சி ஒருவர். நாற்பது வருஷம் தென்னை ஏறிப் பாளை சீவிய கை. திரையில் மீன் படம் வந்ததும் தொட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அப்புச்சி தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினார், வேறு ஏதோ பெட்டி திறந்தது. மூன்றாம் தடவை குத்தினார். அது கணக்கில் ஏறியது, பக்கத்திலேயே ‘4.2 விநாடி, மெதுவான எதிர்வினை’ என்று சிவப்பில் வந்தது. அப்புச்சி என்னைப் பார்த்து, ‘எனக்குப் புத்தி மட்டுப் போச்சுங்களா?’ என்று கேட்டார். மாப்ளே, மீன் வந்த நொடியே அவர் கண் அங்கே போனதை நான் பார்த்தேன். இந்தத் தொடுதிரை தோலில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் ஒழுங்காக உணரும். வயதாக ஆகத் தோல் காயும், அவர் விரல் நுனியோ காய்ப்பேறிப் பட்டை மாதிரி இருந்தது. விரலின் குற்றத்தை அந்த யந்திரம் மூளையின் மேல் எழுதிவிட்டது.

அன்றைக்கே சின்னவளுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். பேங்கில் நோட்டு எண்ண ஈர ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்களே, அதை வாங்கி டேப்லெட் பக்கத்தில் வைத்தேன். வேலை செய்தது. ஆனால் ஆப்போடு ஸ்பாஞ்சையும் சேர்த்து அனுப்ப முடியாது என்றாள். சரி, அப்படியானால் நேரத்தை அளக்காதே என்றேன். இப்போது பட்டன்கள் பெரிதாகிவிட்டன. விரல் சறுக்கினாலும் தொட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. கை நடுங்கி இரண்டு தடவை பட்டால் ஒரு தடவையாக எண்ணுகிறது. ரொம்ப நேரம் அழுத்தினால் புதிதாக எதுவும் திறப்பதில்லை. இத்தனைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் சொல்லு.

அடுத்தது சத்தம். சரியாகச் செய்தால் ‘ட்டிங்’ என்று ஒரு மணி அடிக்கும். சின்னவளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்டும் கேட்காமலும் இருக்கிறது, பகல்வீட்டில் பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை. வயதானால் காதில் முதலில் போவது உச்சத்து ஒலிகள்தான். வால்யூமைக் கூட்டு என்கிறார்கள். கூட்டினால் கீழ்க்குரல் காதைக் கிழிக்கும், மேல்குரல் அப்போதும் வராது. எனக்கு உடனே நாம் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் வந்தது. ரிசீவரை எடுத்தால் ‘ஊ’ என்று வருமே டயல் டோன், 400 ஹெர்ட்ஸ். அந்தக் காலத்தில் எந்தக் கிழவனாவது அது கேட்கவில்லை என்று கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கிறானா? அந்த உயரத்தில் ஒரு ஒலி செய்யச் சொன்னேன். செய்தார்கள். எல்லாருக்கும் கேட்கிறது. ஒரே தொல்லை, மூலையில் உட்காரும் அமுச்சி ஒவ்வொரு தடவையும் ‘போன் வந்துருக்குது பாரு கண்ணு’ என்கிறார்.

கண் விஷயத்தை நீட்டவில்லை. வெள்ளெழுத்து நம் எல்லாருக்கும் உண்டு. வயதில் கண் லென்ஸ் மஞ்சளாவதால் நீலமும் பச்சையும் குழம்பும் என்பது எனக்கே புதுசு. அந்த ஆப்பில் நீலப் பந்தையும் பச்சைப் பந்தையும் பிரிக்க ஒரு ஆட்டமே வைத்திருந்தார்கள்! இன்னொன்று, எழுத்தைப் பெரிதாக்கினால் தமிழ் பட்டனுக்குள் அடங்காது. ‘மீண்டும் முயற்சிக்கவும்’ மூன்று வரியாக உடைந்து நின்றது. ‘திரும்ப’ என்று போடச் சொன்னேன், போதும்.

சொற்களில்தான் இந்தத் தமிழ்-மலையாள எல்லைக்காரன் புத்தி வேலை செய்தது. ஒரு ஆட்டத்தில் படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும். மஞ்சள் பூசணி வந்தது. ஆப்புக்குத் தெரிந்த விடை ‘பரங்கிக்காய்’. ஒரு அமுச்சி ‘அரசாணிக்காய்’ என்றார், தப்பு. இன்னொருவர் ‘மத்தங்கா’ என்றார், அதுவும் தப்பு. இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்க அதைச் சமைத்தவர்கள். ஒரு நிமிஷத்தில் எத்தனை காய்கறிப் பெயர் சொல்ல முடியும் என்று இன்னொரு ஆட்டம். எங்கள் சித்தூர் தாலுக்காக்காரர் எவர் வாயிலும் கத்திரிக்காயும் வழுதனங்காவும் கலந்துதான் வரும். கம்பெனிக்காரர்களோ தமிழுக்கு ஒரு ஆப், மலையாளத்துக்கு ஒரு ஆப் என்று வேலி கட்டியிருந்தார்கள். இரண்டு மொழியும் செல்லும் என்று மாற்ற ஒரு மாதம் கேட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஆடினால் மூளைக்கு நல்லதா என்றுதானே கேட்டாய். உன்னையே எடுத்துக்கொள். எக்ஸ்சேஞ்ச் பலகையில் இருந்த முந்நூறு சந்தாதாரர் நம்பரும் உனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் டிபன் பாக்ஸை மறந்து வைக்காமல் ஒரு வாரம் வீடு போயிருப்பாயா? 1980இல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வந்தது. ஒரு கல்லூரி மாணவனுக்கு 230 மணி நேரத்துக்கு மேல் எண்களை நினைவில் வைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு எண்ணில் ஆரம்பித்து 79 வரை ஒப்பித்தான். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தால் பழையபடி ஆறுதான். அங்கேயே 65 தாண்டிய 2,832 பேரை வைத்து இன்னொன்று, ஆக்டிவ் என்று பெயர். பத்துத் தடவை பயிற்சி. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், யோசனைப் பயிற்சி எடுத்தவர்களுக்கு அதிலும், வேகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு அதிலும் பலன் மிச்சம் இருந்தது. நினைவுப் பயிற்சியின் பலன் கரைந்துவிட்டது. ஆக, பழகியது வரும். பழகாதது தானாக வராது. மறதி நோயைத் தடுக்கும் என்கிற மாதிரி விளம்பரம் செய்ததற்காக 2016இல் லுமோசிட்டி என்ற மூளை விளையாட்டு ஆப்காரர்கள் அங்கே 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

அதனால் ‘மூளை வயது’ என்ற பக்கத்தையே எடுக்கச் சொல்லிவிட்டேன். ஸ்கோர் இல்லாவிட்டால் மறுநாள் யார் திறப்பார்கள் என்று கம்பெனியில் கேட்கிறார்கள். நேற்று நான் எத்தனை, இன்று நான் எத்தனை என்று மட்டும் காட்டுவதாகப் பேச்சு. அதுவும் எனக்கு முழுச் சம்மதமில்லை. ஒரு அமுச்சியின் எண் போன மாதம் ஒரே தாவாகத் தாவியது. சின்னவளுக்கு ஒரே சந்தோஷம். விசாரித்தால், அமுச்சிக்கு நடுவில் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களைப் பட்டியல் போட்டது, நாம் மாற்றக்கூடியவை. காது கேளாமை, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறை, சர்க்கரை, ரத்த அழுத்தம், தனிமை எல்லாம் அதில் உண்டு. அந்த ஆட்டத்தை விட உன் காதுக்கு ஒரு மெஷின் வாங்குவது மேல். உன் சம்சாரம் நாலு வருஷமாகச் சொல்கிறாள்.

இப்போது பகல்வீட்டில் நடப்பது வேறு கதை. அப்புச்சியும் அந்த ‘போன் வந்துருக்குது’ அமுச்சியும் சேர்ந்து ஒரே டேப்லெட்டில் ஆடுகிறார்கள். அப்புச்சி கண்டுபிடித்துச் சொல்லுவார், அவர் விரலை விட நன்றாக வேலை செய்யும் தன் விரலால் அமுச்சி தொடுவார். ஆட்டம் முடிவதற்குள் எந்தத் தென்னையில் எத்தனை லிட்டர் இறங்கியது என்று பேச்சு போய்விடும். இது யாருடைய ஸ்கோர் என்று ஆப்புக்குத் தெரியவில்லை, டேட்டா கெட்டுப்போகிறது என்று சின்னவள் அலுத்துக்கொள்கிறாள். கெடட்டும் என்றேன். ஒருவர் ஆட ஒரு நாற்காலி என்று இங்கே எந்த ஆட்டம் இருந்தது? பன்னாங்குழிக்கே எதிரில் ஆள் வேண்டுமே.

முட்டி சரியானதும் ஒரு நடை வா. பஸ் ஏறினால் கோபாலபுரம் தாண்டி இங்கே இறங்கிவிடலாம். பகல்வீட்டுக்கு நம் பழைய சந்தாதாரர் ஒருவர் வருகிறார், அரிசி மில் வைத்திருந்தவர். இப்போது பெயரே சில நாள் தடுமாறுகிறது, ஆனால் தன் டெலிபோன் நம்பர் 47 என்று மட்டும் தெளிவாகச் சொல்கிறார். ‘உங்க சிநேகிதர் இருந்தா எந்த மில்லுன்னு சொல்லிப்போடுவாரு’ என்கிறார். எந்த மில் என்று நான் எழுதவில்லை. நீயே வந்து சொல்லு.

அன்புடன்,
உன் நைட் ஷிஃப்ட் கூட்டாளி