பாட்டிஸ் வாய் திறந்தாரா, இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அலெக்சாந்தர் காசா நகரைப் பிடித்தது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். போரஸுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்த கதையையே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்த நகரைக் காத்து நின்ற பாட்டிஸ் என்ற தளபதிக்கு என்ன நடந்தது என்று எழுதியதற்கு நன்றி. ஆனால் "கிரேக்க வரலாற்றாசிரியர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எந்தக் கிரேக்கர் ஐயா?

மண்டியிடாமல், ஒரு வார்த்தை பேசாமல் முறைத்துக்கொண்டு நின்ற பாட்டிஸ், அந்த மௌனத்தைப் பார்த்துக் கொதித்துப்போன அலெக்சாந்தர், மூச்சு இருக்கும்போதே கணுக்காலில் வாரைக் கோத்துத் தேரில் கட்டி நகரைச் சுற்றி இழுத்தது, இதெல்லாம் கர்டியஸ் ரூஃபஸ் எழுதியது. அவர் ரோமர், எழுதியது லத்தீனில், அதுவும் சம்பவம் நடந்த கி.மு. 332-க்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து.

கிரேக்க மொழியில் இதைச் சொன்னவர் ஹெகீசியாஸ் என்ற எழுத்தாளர். அவருடைய நூல் அழிந்துவிட்டது, இந்தப் பகுதி தப்பித்த விதம்தான் வேடிக்கை. ரோமில் இருந்த டயோனிசியஸ் என்ற இலக்கிய ஆசிரியர், உரைநடையை எப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று காட்ட இதை எடுத்துப் போட்டு, பக்கத்திலேயே, டிராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலிஸ் அவன் உடலைத் தேரில் கட்டி இழுக்கும் ஹோமரின் இலியட் காவிய வரிகளையும் வைத்தார். உயிருள்ள மனிதனை இழுத்த காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கவலைப்பட்டது வாக்கியத்தின் தாளம் கெட்டதைப் பற்றியும், பெரிய துயரத்தைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்களே என்பதைப் பற்றியும்! சரி, அந்தப் பகுதியில் என்ன இருக்கிறது? கறுத்த, பருத்த உடம்பு, பாதங்களில் வெண்கல வளையம், அம்மணமாக இழுக்கிறார்கள். கரடுமுரடான தரையில் புரண்டு வலி தாங்காமல் அவர் "எஜமானே" என்று கதறிக் கெஞ்சுகிறார், அந்த உடம்பையும் கதறலையும் பார்த்துப் படைவீரர்கள் சிரிக்கிறார்கள்.

ஆக, ஒருவர் எழுத்தில் பாட்டிஸ் வாயே திறக்கவில்லை, இன்னொருவர் எழுத்தில் கெஞ்சுகிறார். இது சின்ன வித்தியாசமா? கட்டுரையின் தலைப்பே அந்த மௌனத்தை வைத்துத்தான் இருந்தது.

அப்புறம் அர்ரியன், அலெக்சாந்தரின் வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதிய இன்னொருவர். முற்றுகையில் எறிபொறியின் அம்பு கேடயத்தையும் கவசத்தையும் துளைத்து அலெக்சாந்தரின் தோளில் பாய்ந்ததுவரை எழுதுகிறவர், பாட்டிஸ் எப்படிச் செத்தார் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அலெக்சாந்தரின் குற்றங்களை மூடி மறைக்கிறவர் என்று அவரைத் தள்ளிவிடவும் முடியாது, பாரசீக அரசர் டேரியஸைக் கொன்ற பெஸ்ஸஸின் மூக்கையும் காதையும் அறுக்கச் சொன்னதை எழுதி, இதை நான் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர் அவர். ஆனால் அவர் பெரிதும் நம்பியது தாலமியை, அலெக்சாந்தரின் கூடவே போன தளபதியை. தாலமி பிறகு அரசரானவர், அரசர் பொய் சொன்னால் அவமானம், ஆகவே நம்பலாம் என்கிறார் அர்ரியன். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஹோமரைப் பார்த்துக் கட்டிய கதை என்று சில அறிஞர்கள் ஒதுக்குகிறார்கள். இருக்கலாம். ஆனால் தலையணைக்கு அடியில் குத்துவாளோடு இலியட்டையும் வைத்துத் தூங்கியவர் என்று கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் சொல்லும் மனிதர், தானே அக்கிலிஸைப் பார்த்து அப்படிச் செய்திருக்கவும் கூடும் இல்லையா? எனக்கு அந்தப் பக்கம்தான் மனம் சாய்கிறது, நிரூபிக்க முடியாது என்று தெரிந்தும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இலியட்டில் இழுபடுவது பிணம். அதைக் கோட்டைச் சுவரிலிருந்து தாய் பார்த்து அலறுகிறாள், விஷயம் தெரியாத மனைவி உள்ளே தறியில் உட்கார்ந்தபடி, கணவன் வந்தால் குளிக்க வெந்நீர் வைக்கச் சொல்கிறாள். உயிரோடு இழுபட்ட பாட்டிஸுக்காக அழ கர்டியஸும் ஹெகீசியாஸும் ஒருவரைக்கூட வைக்கவில்லை.

அடுத்த வாரம் காசாவுக்கு முன்பு அலெக்சாந்தர் பிடித்த டயர் நகரம் என்று அறிவித்திருக்கிறீர்கள். கடற்கரையில் 2000 பேரைச் சிலுவையில் அறைந்தது கட்டாயம் வரும். அதைக் கர்டியஸும், கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸும் சொல்கிறார்கள், அர்ரியன் சொல்லவில்லை. இந்த முறையாவது பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்