குடும்பம் 7-க்கும், பெயர் போட முடியாத மற்ற எல்லாருக்கும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன மாதக் கடைசியோடு எனக்கு வேலை முடிந்துவிட்டது. முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் மேலே நரம்பியல் மருத்துவம், அதில் பாதிக்கு மேல் ஆராய்ச்சி, அதுவும் மறதிநோய், கை கால் ஆட்டம், தள்ளாட்டம், அதற்கெல்லாம் பின்னால் இருக்கும் மரபணு என்று ஒரே தடத்தில். பிரிவு உபசாரத்தில் சால்வை போட்டார்கள், நானும் மைக்கைப் பிடித்துப் பெரிய ஆட்களுக்கெல்லாம் வரிசையாக நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து சால்வையை மடிக்கும்போதுதான், நான் நிஜமாகக் கடன்பட்டவர்கள் ஒருத்தர்கூட அந்த மண்டபத்தில் இல்லை என்பது உறைத்தது.

யார் பெயரும் இதில் வராது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்தில் ஒரு வீட்டைப் பற்றி 'பரம்பரை வியாதி' என்று பேச்சு கிளம்பினால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். கட்டுரைகளில் என் பெயர் இருக்கும், நீங்கள் 'குடும்பம் 7, மூன்றாம் தலைமுறை, நான்காவது நபர்' என்று வம்சப்படத்தில் ஒரு கட்டமாகவோ வட்டமாகவோ இருப்பீர்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் நடுவில் இரட்டைக் கோடு. அக்கா மகளைக் கட்டும் ஊரில் வம்சப்படம் வரைந்து வரைந்து எனக்கு இரட்டைக் கோடு போட்டே கை ஓய்ந்தது!

முதல் நன்றி குடும்பம் 7-இன் பாலக்கோடு பக்கத்துப் பாட்டிக்கு. அவருடைய மகனைத்தான் முதலில் பார்த்தேன். நடை தள்ளாடும், பேச்சு குழறும். சொட்டுச் சாராயம் தொட்டதில்லை, ஆனால் குடித்திருக்கிறான் என்று கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்பார். நம் ஊரில் நடை சரியில்லை என்றாலே தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடைத்தான் முதலில் சந்தேகிப்போம், எலும்பு தடித்துத் தண்டுவடத்தை அழுத்திக் கால் விறைத்துப் போனவர்களை அவ்வளவு பார்த்திருக்கிறோம். இது அந்த விறைப்பு இல்லை, சிறுமூளைத் தள்ளாட்டம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டேன். பாட்டி பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு கை புளியங்கொட்டை கொண்டுவந்து திண்ணையில் பரப்பினார். முழுக் கொட்டை நல்லா இருந்தவர்கள், உடைத்த கொட்டை தள்ளாடினவர்கள். ஐந்து தலைமுறை, அரை மணி நேரத்தில். "மாமனாருக்கு அம்பதுல வந்துச்சு, எங்க வூட்டுக்காரருக்கு நாப்பதுல, இவனுக்கு முப்பது முடியல அதுக்குள்ள வந்துருச்சு, அது ஏன் டாக்டரம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது, ஆனால் அது புத்தகத்தில் படித்த பதில். மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து ஓரிடத்தில் திக்குவாய்க்காரர் பேச்சு மாதிரி திரும்பத் திரும்ப வரும். நமக்கெல்லாம் முப்பது தடவை போல வந்து நின்றுவிடும். நாற்பதை ஒட்டியும் அதற்கு மேலும் போனால் நோய். அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது எண்ணிக்கை இன்னும் ஏறலாம், ஏற ஏற நோய் இளவயதிலேயே வரும். இந்த வகைச் சிறுமூளைத் தள்ளாட்டத்துக்கு எஸ்.சி.ஏ. 1 என்று பெயர். படிக்காத ஒரு மனுஷி புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு அதையே கண்டுபிடித்து என்னிடம் கேள்வியாகக் கேட்கிறார்.

கொஞ்சம் என் கதை. 1993-ஆம் வருடம் எங்கள் துறையில் ஒரு திருவிழா மாதிரி. எஸ்.சி.ஏ. 1, கை கால் தானாக ஆடும் ஹண்டிங்டன் நோய், உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் மூன்றின் மரபணுவும் அந்த ஒரே வருடத்தில் பிடிபட்டன. ஹண்டிங்டனுக்காக அமெரிக்க ஆராய்ச்சியாளர் நான்சி வெக்ஸ்லர் வெனிசுவேலாவின் மராகைபோ ஏரிக்கரை கிராமங்களுக்கு வருடா வருடம் போய் வீடு வீடாக ரத்தம் வாங்கினார், அவருடைய அம்மாவுக்கே அந்த நோய். அதைப் படித்துவிட்டுத்தான் எனக்கும் கிராமங்களுக்குப் போகிற கிறுக்கு பிடித்தது.

சரி, ரத்தம் எடுத்தால் போதுமா, ஊதா மூடிக் குழாய்களைச் சூடு ஏறாமல் பெங்களூர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா? தெர்மாகோல் பெட்டி என்னுடையது, ஐஸ் கிருஷ்ணகிரி மீன்கடைக்காரர் கொடுத்தது, காசு வாங்கவே மாட்டார். பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வெயில் படாமல் வைத்துக்கொண்டு போய் இறக்கிவிட்ட அந்தப் பஸ்காரர்களுக்கு (மேலே சொன்ன கண்டக்டர் வேறு ஆள்!) நான் இன்னும் ஒரு டீகூட வாங்கிக் கொடுத்ததில்லை.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் மடல் பொய். அப்படிச் சேர்த்த ரத்தத்தில் ஒரு பெரிய பங்கு வீணாய்ப் போனது. ஒரு ஆய்வகத்தில் தொடர் விடுமுறையில் ஃப்ரீசர் நின்றுவிட்டது, திறந்து பார்த்தபோது எல்லாம் போச்சு. திரும்பப் போய் எந்த முகத்தோடு கேட்பது என்று இரண்டு மாதம் ஊர்ப்பக்கமே போகவில்லை. கடைசியில் போனேன். பாட்டி கேட்டுவிட்டு, "உடம்புல இன்னும் ரத்தம் இருக்குதில்ல, எடுத்துக்க கண்ணு" என்றார். இந்த நோய்க்கு மருந்து இல்லை என்று அவருக்கு நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். சொன்ன பிறகும் ஊரைக் கூட்டி வரிசையில் உட்கார வைத்தார்.

வில்சன் நோய்ப் பையனின் அம்மாவுக்கும் நன்றி. கையெழுத்து கோணல், வாயில் எச்சில் ஒழுகல், பள்ளிக்கூடத்தில் அடி. கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையத்தை முதலில் பார்த்தது நான் இல்லை, ஒரு கண் டாக்டர், அவருக்கும் சேர்த்து நன்றி. இந்த நோய், தாயும் தகப்பனும் மரபணுவின் ஆளுக்கொரு பழுதான பிரதி கொடுத்தால்தான் வரும், ஆனால் எங்கள் துறையில் மாத்திரையால் மடக்கக்கூடிய வெகு சில நோய்களில் ஒன்று. அந்த அம்மா மறுவாரமே மற்ற மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்தார். கடைக்குட்டிக்கும் இருந்தது, அறிகுறியே இல்லாத நிலையில். அவள் இன்றுவரை மாத்திரை போடுகிறாள், நன்றாக இருக்கிறாள். அண்ணன் ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறான்.

மறதிநோய் வேலையில் எனக்குப் பாடம் எடுத்தவர் ஒரு கிராம செவிலியர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று நான் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள், அதை நான் மறதிக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர்தான் குறுக்கே வந்து, "நூறு ரூபா எடுத்துக்கிட்டு காரிமங்கலம் சந்தைக்குப் போறீங்க, ஏழு ரூபாய்க்குக் கீரை, மீதி எவ்வளவு?" என்று கேட்டார். டக்கென்று பதில் வந்தது. எத்தனை பேருக்கு இல்லாத நோயை எழுதியிருப்பேனோ! கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், ஓசூர் தாண்டினால் கன்னடம் என்று பேசுகிறவர்களை எந்த மொழியில் சோதிப்பது என்பதையும் அவர்தான் முடிவு செய்தார். 2013-இல் ஹைதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை வைத்து, இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு மறதிநோய் சுமார் நாலரை வருடம் தள்ளி வருகிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படித்தான் என்று எழுதியபோது அந்தச் செவிலியருக்குத்தான் முதலில் போன் செய்தேன். "நம்ம ஊர்ல மூணு ஆச்சே மேடம்" என்றார்.

ஊத்தங்கரைப் பக்கத்து டீக்கடைக்காரருக்கு ஒரு வார்த்தை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று தினமும் காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவார். இவர், "இன்னிக்கு லீவு சார்" என்று டீ கொடுத்துக் கூட்டிப்போய் வீட்டில் விடுவார். ஆறு வருடம். இதைவிட நல்ல வைத்தியம் என்னிடம் இருந்ததில்லை.

அப்புறம், குடும்பம் 7-இன் பேத்தி. பரிசோதனை செய்துகொள்ளலாம், அந்த மரபணு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று நான் ஆர்வமாக விளக்கிக்கொண்டே போக, "தெரிஞ்சு நான் என்ன பண்ணணும் சொல்லுங்க" என்றாள். சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு யாரையும் நான் வற்புறுத்தவில்லை. பரிசோதனை வேண்டுமென்று மனசு மாறினால் என் போன் நம்பர் அதேதான், மாறாவிட்டாலும் அதேதான்.

பாட்டி இப்போது இல்லை. அந்தப் புளியங்கொட்டைகளை அன்றைக்கே ஒரு துணியில் முடிந்து, "பாத்து எழுதிக்கிட்டுக் கொடு" என்று கொடுத்தனுப்பினார். எழுதி முடிக்க இவ்வளவு வருடம் ஆகிவிட்டது. தை பிறந்ததும் கொண்டு வருகிறேன், மருமகளிடம் சொல்லிவிடுங்கள். ராகிக் களியும் கீரைக் கடைசலும் போதும், கோழியெல்லாம் அடிக்க வேண்டாம்.