சாளையைச் சுற்றி 30 அடி

ஐயா,

மாசி பிறந்தால் எங்கள் மலையடிவாரத்தில் புல்லெல்லாம் சருகாகிவிடும். 2023 ஏப்ரலில் ஆலாந்துறை அருகே நாதேகவுண்டன்புதூர் மலை பல நாள் எரிந்ததும், சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றியதும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தீ வந்து தொட்டால்தான் சாளை, அதாவது தோட்டத்து வீடு, எரியும் என்று நினைக்கிறோம். காற்றில் பறந்து வரும் கங்கே போதும். ஓலைக்கூரையிலோ, ஓட்டு இடுக்குச் சருகிலோ, சுவரோரம் அடுக்கிய தென்னை மட்டையிலோ விழுந்தால் பற்றிக்கொள்ளும். சுவரை ஒட்டி 5 அடிக்கு எரியும் பொருள் எதுவும் வேண்டாம். 30 அடிக்குக் காய்ந்த புல்லையும் உண்ணிச்செடியையும் வெட்டிவிடுங்கள். சோளத்தட்டுப் போரையும் எட்டப் போடுங்கள். மாட்டுக்குத் தட்டு எடுக்க நாலு எட்டு கூட நடந்தால் பரவாயில்லை. பச்சை மரத்தை வெட்ட வேண்டாம், தாழ்ந்த காய்ந்த கிளையைக் கழித்தால் போதும். சரிவில் சாளை இருந்தால் கீழ்ப்பக்கம் இன்னும் அகலமாக ஒதுக்க வேண்டும். தீ மேடேறும்போதுதான் வேகமெடுக்கும்.

வெட்டியதை அங்கேயே கொளுத்துவதுதான் எனக்குப் பெரும் பயம். தோப்பில் மண்ணை மூடும் மூடாக்காகப் போடலாமே.

வேலிக்கு அப்பால் நாங்கள் கைவைக்க முடியாது. அங்குள்ள தீத்தடுப்புக் கோடுகளை (தீ தாண்டாமலிருக்கச் செடி, சருகு நீக்கி விடும் பட்டைகளை) வனத்துறை தை மாதத்துக்குள் சுத்தம் செய்து தர வேண்டும்.

மலையடிவார விவசாயி,
தொண்டாமுத்தூர் வட்டாரம், கோவை.