மெதுவான குவெரியும் ஒரு கையேடும்

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. நீ கேட்ட கேள்வியோடுதான் இந்த மூன்று வாரமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உன் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கையேட்டில் செயல்திறன் பற்றிய 14-ஆம் அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "எல்லாம் புரிகிறது சார், என் குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதுதான் தெரியவில்லை" என்று உன் முன்னால் வந்து நின்றதாக எழுதியிருந்தாய். இவ்வளவு நேர்த்தியான கையேட்டில் இன்னும் என்ன குறை என்றும் கேட்டிருந்தாய்.

குறை எழுத்தில் இல்லை, அடுக்கியிருக்கும் முறையில் இருக்கிறது. அந்தக் கையேட்டில் ஒவ்வொரு செய்தியும் அது எந்த உறுப்பைச் சேர்ந்ததோ அந்த உறுப்பின் பெயரின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. சிக்கலோடு வருகிறவனுக்கோ உறுப்பின் பெயர் தெரியாது. அவன் கையில் இருப்பது அறிகுறி மட்டுமே.

சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வேலைகளின் நிலையைக் குறித்து வைக்கும் ஓர் அட்டவணை. அதில் இருப்பது மூன்று லட்சம் வரிசைகள்தான், ஆனால் நாள் முழுக்கத் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். காலையில் சில மில்லி விநாடிகளில் முடிந்த குவெரி, இரவு எட்டு மணிக்குப் பதினொரு விநாடி எடுத்துக்கொண்டது. தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் சரியாக இருந்தது, செத்த வரிசைகளை (திருத்தும்போது மிஞ்சும் பழைய நகல்களை) தானாகவே கூட்டித் தள்ளும் ஆட்டோவேக்யூமும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. பொறுமை இழந்து, அதே வேலையை விவரத்தோடு செய்யும் வேக்யூம் வெர்போஸ் கட்டளையை நானே கொடுத்துப் பார்த்தேன். நீக்கப்பட்டவை பூஜ்யம், எஞ்சியவை நாற்பத்தொரு லட்சம், அவற்றில் செத்துப்போயும் இன்னும் நீக்க முடியாதவை முப்பத்தெட்டு லட்சம் என்று ஒரே வரியில் விடை வந்தது. ஏன் நீக்க முடியாது என்பதை அந்த வரி சொல்லவில்லை.

காரணம் கிடைக்க நள்ளிரவு ஆகிவிட்டது. காலை பத்து மணிக்கு யாரோ ஒருவர், வேறு ஏதோ ஓர் அட்டவணையில் ஒரே ஒரு வரிசையைத் திருத்திவிட்டு, கமிட் செய்து முடிவாகப் பதியாமல், கணினியைத் திறந்தபடி போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார். அந்த டிரான்சாக்ஷன் (கமிட் வரை ஒன்றாக நடக்கும் மாற்றங்களின் தொகுதி) முடியாதவரை, அதற்குப் பிறகு செத்த எந்த வரிசையையும் வேக்யூம் தொடாது. அந்த இணைப்பைத் துண்டித்து மறுபடியும் வேக்யூம் செய்த பிறகுதான் குவெரி பழைய நிலைக்குத் திரும்பியது. செயலற்றுக் கிடக்கும் டிரான்சாக்ஷனைத் தானாகவே வெட்டிவிடும் அமைப்பு 9.6-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது என்பதும், நாமாக ஒரு மதிப்பைத் தராவிட்டால் அது அணைந்தே கிடக்கும் என்பதும் எனக்கு அன்றிரவுதான் உறைத்தன.

மறுநாள் நிதானமாகக் கையேட்டைப் புரட்டினேன். வேக்யூமைத் தடுக்கக்கூடியவை நான்கு: முடியாத டிரான்சாக்ஷன், கமிட்டுக்குத் தயார் நிலையில் வைத்துக் கைவிடப்பட்ட ப்ரிப்பேர்டு டிரான்சாக்ஷன், நகல் சர்வருக்காகத் தரவைப் பிடித்துவைத்திருந்தும் யாரும் பயன்படுத்தாத ரெப்ளிகேஷன் ஸ்லாட், தன் பழைய தேவையை முதன்மைச் சர்வரிடம் சொல்லிக்கொண்டிருக்கும் ஸ்டாண்ட்பை என்ற நகல் சர்வர். நான்கும் கையேட்டில் இருக்கின்றன, ஆனால் வெவ்வேறு இடங்களில். வேடிக்கை என்னவென்றால், இவற்றில் முதல் மூன்றையும் எப்படித் தேடுவது, எப்படித் தீர்ப்பது என்று வரிசையாகச் சொல்லும் பட்டியல் ஒன்றும் இப்போதைய கையேட்டில் உண்டு. அது ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் தரப்படும் எண்கள் தீர்ந்துபோகும் ஆபத்தைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. எண்கள் தீரும் பயம் இல்லாதவன், குவெரி மெதுவாகிவிட்டது என்று மட்டும் அறிந்தவன், அந்தப் பகுதியை ஏன் திறக்கப்போகிறான்?

இனி உன் குழுப் பெண்ணின் 14-ஆம் அத்தியாயத்துக்கு வருகிறேன். பிளானை, அதாவது குவெரியை நிறைவேற்றும் திட்டத்தை, காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளை பற்றிய அந்தப் பகுதியை நான் குறைசொல்ல மாட்டேன். பத்தாயிரம் வரிசை கொண்ட டென்கே1 என்ற சோதனை அட்டவணையை எடுத்துக்கொண்டு, 358 பக்கங்களைப் படிக்கும் செலவையும் வரிசைக்கு 0.01 வீதம் ஆகும் செலவையும் கூட்டினால் 458 வருகிறது என்று பல பதிப்புகளாகக் கணக்குப் போட்டுக் காட்டி வந்த இடம் அது. நானும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் அங்கே காட்டப்படும் பிளான்களில் பெரும்பாலானவை ஆரோக்கியமானவை. மதிப்பிட்ட வரிசைகளின் எண்ணிக்கை உண்மைக்கு அருகில் இருக்கிறதா என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது என்று கையேடே சொல்கிறது. இந்த எடுத்துக்காட்டில் மதிப்பீடுகள் அச்சாகப் பொருந்திவிட்டன, நடைமுறையில் இப்படி அமைவது அரிது என்றும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. அந்த அரிதல்லாத நிலையில் பிளான் எப்படித் தோற்றமளிக்கும் என்பதைத்தான் அவள் அங்கே தேடியிருக்கிறாள்.

நீ அனுப்பிய அவளுடைய பிளானைப் பார்த்தேன். வெளியே வரும் ஒவ்வொரு வரிசைக்கும் உள்ளே ஒரு முறை தேடும் நெஸ்டட் லூப்பின் உள்ளே இருக்கும் இன்டெக்ஸ் ஸ்கேனுக்கு (இன்டெக்ஸ் வழித் தேடலுக்கு) 0.02 மில்லி விநாடி என்று இருப்பதைப் பார்த்து, இது குற்றவாளி இல்லை என்று கடந்துவிட்டாள் போலிருக்கிறது. அதே வரியின் கடைசியில் லூப்ஸ் மூன்று லட்சம் என்று இருக்கிறது. காட்டப்படும் நேரம் ஒரு சுற்றின் சராசரி. பெருக்கினால் ஆறு விநாடி. சராசரி என்ற செய்தி கையேட்டில் தெளிவாகவே உண்டு. ஆனால் அங்கே எடுத்துக்காட்டில் வருவது பத்துச் சுற்று. பத்தால் பெருக்கிப் பழகிய கண்ணுக்கு மூன்று லட்சம் உறைப்பதில்லை. லூப்பின் வெளிப்புறத்தில் நாற்பது வரிசைதான் வரும் என்று, பிளானை வகுக்கும் பிளானர் நம்பியதற்குக் காரணமும் அடுத்த பகுதியிலேயே இருக்கிறது: அவள் வடிகட்டியிருப்பது ஊர், அஞ்சல் குறியீடு என்ற இரண்டு நெடுவரிசைகளை. அஞ்சல் குறியீடு தெரிந்தால் ஊரும் தெரிந்துவிடும் என்பது பிளானருக்குத் தெரியாது; இரண்டும் தொடர்பற்றவை என்று எண்ணி விகிதங்களைப் பெருக்கிவிடுகிறது. 10-ஆம் பதிப்பில் வந்த, இந்தத் தொடர்பைப் பிளானருக்குச் சொல்லும் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கட்டளை இதற்காகத்தான். அதைச் செய்து, மறக்காமல் புள்ளிவிவரம் திரட்டும் அனலைஸும் ஓட்டிப் பார்க்கச் சொல்.

ஒரு செஷன் (தரவுத்தள இணைப்பு) எதற்காகக் காத்திருக்கிறது என்பதன் பெயர்களைப் பட்டியலிடும் வெயிட் ஈவென்ட் அட்டவணை இன்னொரு கதை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வரி விளக்கம். சப்டிரான்ஸ் எஸ்எல்ஆர்யு (எஸ்எல்ஆர்யு என்பது நினைவகத்தில் வைக்கும் ஒரு தற்காலிகச் சேமிப்பு) என்ற பெயருக்கு எதிரே, துணை டிரான்சாக்ஷனின் எஸ்எல்ஆர்யு கேஷை அணுகக் காத்திருக்கிறது என்று இருக்கும். பெயரையே வாக்கியமாக விரித்தது போல. இந்தப் பெயரும் 13-ஆம் பதிப்பில் மாறியது என்பதால் பழைய பெயரில் தேடுகிறவனுக்கு அதுவும் கிடைக்காது. ஒரு செஷன், ஒரே டிரான்சாக்ஷனுக்குள் திறக்கும் துணை டிரான்சாக்ஷன்கள் 64-க்கு மேல் போனால் அவற்றின் விவரம் நினைவகத்தின் ஒதுக்கிடத்தில் அடங்காமல் வழிந்துவிடும், அதன்பின் மற்ற செஷன்களும் சேர்ந்து தவிக்கும் என்பதை முன்பெல்லாம் பெரும்பாலும் மூல நிரலைப் படித்தவர்தான் அறிவார். பின்னர் கையேட்டில் இதற்கென்று துணை டிரான்சாக்ஷன்கள் பற்றிய ஒரு பகுதி சேர்ந்தது. அந்த 64 என்ற எண்ணும் அதில் இருக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அது உள்ளமைப்பு பற்றிய பாகத்தில், கையேட்டின் பின்கோடியில் இருக்கிறது. ஒரு லூப்புக்குள் எக்ஸெப்ஷன் பிளாக் (பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் நிரல் பகுதி) எழுதிய நிரலாளர் தானும் துணை டிரான்சாக்ஷன் உண்டாக்குகிறோம் என்பதையே அறியமாட்டார். அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்வார்?

அறிவுரை எழுதத் தயங்குவோரின் பக்கமும் நியாயம் உண்டு. உண்மை மாறாது, அறிவுரை பழசாகும். டிஸ்கில் அங்கங்கே சிதறிய பக்கத்தைப் படிக்கும் செலவைக் குறிக்கும் ரேண்டம் பேஜ் காஸ்ட் அமைப்பின் 4.0 என்ற இயல்பு மதிப்பு சுழலும் டிஸ்க் காலத்தது. எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு 1.1 போலக் குறைந்த மதிப்பு பொருந்தலாம் என்று கையேடு ஒரு வாக்கியத்தில், "லாம்" போட்டு, நிறுத்திக்கொள்கிறது. எனக்கு அந்தக் கஞ்சத்தனம் பிடிக்கும். குவெரியின் ஒவ்வொரு வேலைக்கும் தரும் நினைவக அளவான ஒர்க் மெம் மதிப்பை இவ்வளவு வை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் குறிப்புகளால் பட்ட பாடு உனக்கும் நினைவிருக்கும். ஆகவே மதிப்பு எதையும் சொல்லாமல், இந்த அறிகுறி தென்பட்டால் இந்த வியூவை (நிலையைக் காட்டும் அட்டவணையை) பார், அதில் இப்படி இருந்தால் இந்தப் பகுதிக்குப் போ என்று மட்டும் சொல்வது போதும் என்று நினைக்கிறேன். அது வழிகாட்டிப் பலகை, வைத்தியம் அல்ல.

அப்படி ஒரு வரைவைத்தான் எழுதியிருக்கிறேன். வேக்யூமின் அந்த ஒற்றை வரியிலிருந்து நான்கு காரணங்களுக்கும் செல்லும் ஒரு பத்தி, மதிப்பீடு பிழைத்த பிளான் ஒன்று, துணை டிரான்சாக்ஷன் பகுதிக்கு ஓர் இணைப்பு, இவ்வளவே. முதலில் ஒன்பது பக்கம் எழுதி, ஏழைக் கிழித்துப்போட்டேன். மிஞ்சிய இரண்டு பக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன். நீ படிக்காதே; உனக்கு எல்லாம் தெரியும், இல்லாததையும் மனதால் நிரப்பிக்கொள்வாய். அந்தப் பெண்ணிடம் கொடு. அருகில் உட்கார்ந்து விளக்காதே. எந்த வரியில் நின்றாளோ அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு அனுப்பச் சொல். கோடுகளைப் பார்த்துத் திருத்திய பிறகுதான் போஸ்ட்கிரெஸ் திட்டத்துக்கு அனுப்புவதாக இருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்